கிழிக்காத டிக்கெட்

போன வருடம் நவம்பரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"உனக்குத்தான் பழைய சரக்குன்னா பிடிக்குமே. இதுல எது எவ்வளவு பெறும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அது அவனுடைய அம்மாவழித் தாத்தாவின் பெட்டி. அதற்கு மூன்று வருடம் முன்பு தொண்ணூற்றாறு வயதில் இறந்துபோனவர். திறந்தால் அந்துருண்டை வாசனை. பூச்சி அரித்த சிவப்பு நிற முக்கோணக் கம்பளிக் கொடி ஒன்று. பின் துருப்பிடித்த ஆட்ட மலர்கள் சில. வெள்ளைப் பெயின்ட் அடித்த, உள்ளங்கை நீளமுள்ள ஒரு மரச்சிராய். எப்போதோ ஜெயித்த குஷியில் ரசிகர்கள் மைதானத்தில் இறங்கிக் கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போனபோது தாத்தாவுக்குக் கிடைத்த பங்கு. அடியில், மெழுகுத் தாளில் சுற்றி, இரண்டு டிக்கெட்டுகள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒஹாயோ ஸ்டேட் – மிஷிகன், நவம்பர் 25, 1950.

"ஸ்நோ போல்! தாத்தா அன்னைக்கு அங்க இருந்தாரு" என்றான். சொல்லும்போதே அவன் குரல் மாறிவிட்டது. கொலம்பஸில் இந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

நான் 2018இல் ஒரு ப்ராஜெக்டுக்காக இந்த ஊருக்கு வந்தேன். வந்த முதல் நவம்பரில் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் இருந்த 'எம்' என்ற எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு மறைத்திருந்தார்கள். மிஷிகன் என்ற பெயரின் முதல் எழுத்து அது. அந்த ஒரு வாரம் அந்த எழுத்தே ஊருக்கு ஆகாது. சனிக்கிழமை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேர், குதிரை லாட வடிவில் கட்டிய அரங்குக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆடியவர்கள் கல்லூரிப் பையன்கள். நம் ஊரில் காலேஜ் மேட்ச் பார்க்க ஆடுகிறவனின் நண்பர்கள் நாலு பேர் வந்தாலே பெரிய விஷயம். அதனால் இது எனக்கு விளங்கவே இல்லை. விளங்கிக்கொள்ளப் போய்த்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கதை 1869இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று நியூஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். 6–4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. அன்று ஆடியது இன்றைய அமெரிக்கக் கால்பந்தைவிட நாம் ஆடும் கால்பந்துக்குத்தான் நெருக்கமானது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. பிறகு ரக்பியின் பாதிப்பு வந்தது. 1880களில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் விதிகளை மாற்றினார். பந்து யார் கையில் என்று இருபது பேர் குவிந்து இழுபறி செய்வதற்குப் பதில், ஒரு அணி பந்தை வைத்துக்கொண்டு நிற்கும், எதிரணி அதற்கு எதிரே கோடு பிடித்து நிற்கும். இத்தனை முயற்சிக்குள் இத்தனை கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். இன்றைய கணக்கில் நான்கு முயற்சி, பத்து கெஜம். அந்தப் பத்தை எட்டிவிட்டால் 'ஃபர்ஸ்ட் டவுன்', மறுபடி நான்கு வாய்ப்பு. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆட்டம் முரட்டுத்தனமானது. 1905ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 18 இளைஞர்கள் களத்தில் பட்ட அடியால் செத்துப்போனார்கள். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். மனிதக் குவியல் கொஞ்சம் கலைந்தது. கல்லூரி விளையாட்டை இன்று ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு பிறந்ததும் அந்தக் கலவரத்திலிருந்துதான்.

1920களில் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு அரங்கம் கட்டின. கொலம்பஸின் குதிரை லாடம் 1922இல் திறந்தது. மிஷிகனின் அரங்கம் 1927. தொழில்முறைக் கால்பந்து அப்போது தவழும் குழந்தை. பின்னாளில் என்.எஃப்.எல். ஆன அமைப்பு இதே ஒஹாயோவின் கான்டன் என்ற ஊரில் 1920இல்தான் தொடங்கியது. கொலம்பஸுக்கு இன்று சொந்தமாக என்.எஃப்.எல். அணி கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லூரி அணிதான் சொந்த அணி. அந்தக் கல்லூரியின் வாசலையே மிதிக்காதவர்களுக்கும் அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இன்னொன்று நடந்தது. திரும்பி வந்த சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 1944இல் சட்டம் வந்திருந்தது. 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள். கறுப்பினச் சிப்பாய்களுக்கு அதே சட்டத்தின் பலன் அதே அளவில் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நண்பனின் தாத்தா விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவர் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அவர்தான், அதுவும் அந்தச் சட்டத்தின் தயவில். நானும் என் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தக் கம்பளிக் கொடியை அவர் ஏன் எழுபது வருடம் பத்திரப்படுத்தினார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. என் காலேஜ் ஐடி கார்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இனி அந்த ஆட்டம்.

1950 நவம்பர் கடைசி வாரம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை ஒரு பெரும் புயல் தாக்கியது. 350க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சனிக்கிழமை காலை கொலம்பஸ் பனியில் புதைந்து கிடந்தது. உறைநிலைக்குப் பன்னிரண்டு டிகிரி கீழே குளிர், ஆளைத் தள்ளும் காற்று. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று இரண்டு கல்லூரிகளும் பேசின. பிக் டென் கோப்பை யாருக்கு என்பது இந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆடுவது என்று முடிவானது. மைதானத்தை மூடியிருந்த தார்ப்பாய் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டதால் அதைப் பிய்த்தெடுக்கவே பெரும்பாடு. ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. டிக்கெட் முன்னமே விற்றுத் தீர்ந்திருந்தது. ஆனால் வந்தவர்கள் 50,503 பேர்.

கோடு தெரியவில்லை, பந்து கையில் நிற்கவில்லை. ஆகவே இரண்டு அணிகளும் ஒரே தந்திரத்தைக் கையாண்டன. பந்து கைக்கு வந்தால் நான்கு முயற்சிவரை காத்திருக்காமல், உடனே எதிரி எல்லைக்கு உதைத்துவிடு. அவன் தடுமாறட்டும். இப்படி உதைப்பதற்கு 'பன்ட்' என்று பெயர். ஒஹாயோவின் விக் ஜானோவிட்ஸ் 21 முறையும், மிஷிகனின் சக் ஆர்ட்மன் 24 முறையும் உதைத்தார்கள். மொத்தம் 45. அந்தக் காற்றிலும் ஜானோவிட்ஸ் ஒரு பீல்டு கோல் அடித்து 3–0 என்று ஒஹாயோவை முன்னே கொண்டுபோனார். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குத்தான்.

பிறகு அவருடைய ஒரு உதையை மிஷிகன்காரர்கள் மறித்ததில் இரண்டு புள்ளி போனது. 3–2. முதல் பாதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஒஹாயோ தன் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து நேரத்தைக் கடத்தியிருக்கலாம். ஆனால் பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லர் மூன்றாவது முயற்சியிலேயே உதைக்கச் சொன்னார். டோனி மாம்சன் என்ற மிஷிகன் ஆள் பாய்ந்து மறித்து, கோட்டுக்கு அப்பால் உருண்ட பந்தின் மேல் விழுந்தார். டச்டவுன். 9–3. இரண்டாம் பாதியில் யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

மிஷிகன் அன்று முழுக்க ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்கவில்லை. எறிந்த பந்தில் ஒன்றுகூட ஆள் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் ஜெயித்தது, ரோஸ் போல் போய் அங்கேயும் ஜெயித்தது. ஃபெஸ்லர் அடுத்த மாதமே ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு 1951இல் வந்த வுடி ஹேய்ஸ் 1978வரை இருந்து இந்த ஊரின் குலதெய்வம் மாதிரி ஆனார். ஒரு மூன்றாவது முயற்சி உதையில் ஊரின் அடுத்த 28 வருட வரலாறு திரும்பியது என்று இங்கே கிழவர்கள் இன்னும் சொல்வார்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். விலை பார்க்க ஈபேயிலும் ஏலத் தளங்களிலும் துழாவினேன். சேகரிப்பவர்கள் டிக்கெட்டுகளை இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறார்கள். வாசலில் கிழித்துக் கொடுத்த துண்டு ஒன்று. கிழிக்காத முழு டிக்கெட் இன்னொன்று. பழைய ஆட்டங்களில் முழு டிக்கெட் அரிது, அதனால் பெரும்பாலும் விலை அதிகம். வாங்கியவன் உள்ளே போகாமல் இருந்திருந்தால்தானே அது முழுசாகக் கிடைக்கும்.

இதைப் படித்த பிறகுதான் மெழுகுத் தாளை மறுபடி பிரித்தேன். இரண்டு டிக்கெட்டும் முழுசு.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் இது தினமும் நடப்பது. கஸ்டமர் "நான் அந்த பட்டனை அமுக்கினேன்" என்பார். லாக் எடுத்துப் பார்த்தால் அமுக்கவில்லை என்று இருக்கும். வழக்கமாக லாக்கின் பக்கம் நின்று டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இது அந்த மாதிரி டிக்கெட் இல்லையே. தாத்தாவின் இறுதிச் சடங்கில் என் நண்பன் எழுந்து நின்று பேசியதே இந்த ஆட்டத்தைப் பற்றித்தான். தாத்தா எப்படித் தார்ப்பாயை இழுக்கக் கைகொடுத்தார், பந்து பனியில் மறைந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். விற்றால் வாங்குகிறவன் முழு டிக்கெட் என்று விளம்பரம் போடுவான், இவன் கண்ணில் படாமல் போகாது. மறுநாள் சொல்லிவிட்டேன்.

அவன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்தப் பனியில வாசல்ல நின்னவன் கிழிக்காமலே விட்டிருக்கலாம் இல்ல?"

"விட்டிருக்கலாம்" என்றேன். அப்படி நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல என்னிடமும் ஆதாரம் இல்லை.

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதே" என்றான். பிறகு அவனே போய்ச் சொல்லிவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் அவன் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பூசணிக்காய்ப் பை பரிமாறிவிட்டு, ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய சித்தப்பா, அதாவது தாத்தாவின் தம்பி, கொரியாவிலிருந்து எழுதியது. 1951 ஜனவரி. கொரியப் போர் 1950 ஜூனில் தொடங்கியது. தம்பிக்கு அழைப்பு வருவதற்கு முன்பே அண்ணன் இருவருக்குமாகச் சேர்த்து டிக்கெட் சொல்லிவைத்திருக்கிறார். கொலம்பஸில் பனி கொட்டிய அதே நவம்பர் 25 அன்றுதான் கொரியாவின் வடக்கே சீனப் படை தன் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. அங்கே இன்னும் கொடிய குளிர். தம்பி அந்தப் பின்வாங்கலில் இருந்திருக்கிறார்.

கடிதம் ஒரு பக்கம்தான். அண்ணன் எழுதியதை மூன்று தடவை படித்தாராம். கூடாரத்தில் இருந்தவர்களுக்கு வாசித்தும் காட்டினாராம். தார்ப்பாய் இழுத்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். கடைசி வரியில் ஒரு கேள்வி: என் டிக்கெட்டை என்ன செய்தாய்?

அண்ணன் எழுதிய கடிதம் கிடைக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் இருந்தது. "அந்தச் சனிக்கிழமை எங்கம்மாவுக்கு எட்டு மாசம். அண்ணன் வயித்துல. வீட்டுல கரி அடுப்பு அணையாம பார்த்துக்கிட்டு அப்பா ரேடியோ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்னு அம்மா ஒருநாள் சொன்னாங்க. அப்பா வருஷா வருஷம் கதையை ஆரம்பிச்சதும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போயிடுவாங்க. சிரிப்பை அடக்கத்தான் போனாங்கன்னு இப்பதான் புரியுது."

தம்பி உயிரோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் விருந்திலும் அவர்தான் முதலில் கேட்பாராம்: "அண்ணே, அந்தப் பனி ஆட்டத்தைச் சொல்லு." போர்முனையில் இருந்த தம்பிக்காக எழுதிய கதையை, தம்பி எதிரே உட்கார்ந்து கேட்கும்போது எப்படி மாற்றுவது? தம்பி போன பிறகு மகளுக்கு, பேரனுக்கு. அதற்குள் அவருக்கே அது நடந்ததாக ஆகியிருக்கும். இது என் ஊகம்தான். இரண்டு டிக்கெட், ஒரு கடிதம், ஒரு சிரிப்பு, இவ்வளவுதான் சாட்சி.

"வித்துடலாமா?" என்று நண்பன் கேட்டான். "ஆட்ட மலரெல்லாம் வித்துக்கோ. டிக்கெட் இங்க இருக்கட்டும்" என்றார் அம்மா.

திரும்பும் வழியில் காரில் இன்னொரு நினைவுப் பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். மிஷிகனை ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் ஒஹாயோ ஆட்டக்காரர்களுக்குத் தங்க நிறத்தில் ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பார்கள். கால்சட்டை வடிவில் இருக்கும். 1934இல் புதிதாக வந்த பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட், 'மிஷிகன்காரனும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறான்' என்ற அர்த்தத்தில் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். 2010 டிசம்பரில் ஐந்து ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். தங்கள் பதக்கத்தையும் மோதிரத்தையும் சட்டையையும் காசுக்கும், பச்சை குத்திக்கொள்வதற்கும் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றம். ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. விஷயம் தெரிந்தும் மறைத்ததற்காகப் பயிற்சியாளர் ஜிம் டிரெசலின் வேலை 2011 மே மாதம் போனது. 2010ஆம் ஆண்டின் வெற்றிகளைக் கல்லூரி கணக்கிலிருந்தே அழித்தது.

அரங்கில் ஒரு லட்சம் டிக்கெட் விற்கலாம். பேரன் தாத்தாவின் பெட்டியை ஈபேயில் விற்கலாம். முழங்கால் உடைய ஆடி வாங்கிய பதக்கத்தை ஆடியவன் விற்கக் கூடாது. காசு வாங்கினால் அமெச்சூர் என்ற புனிதம் கெட்டுவிடும் என்பது அன்றைய நியாயம். 2021 ஜூலையில்தான் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. இறங்கிவந்தது. கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது 2025 ஜூனில்.

"தாத்தா இருந்திருந்தா இதையெல்லாம் திட்டியிருப்பாரு. அந்தக் காலத்துல பசங்க காசுக்கா ஆடினாங்கம்பாரு" என்றான் நண்பன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காலத்தைப் பத்தி அவர் சொன்னதுல இனிமே எதை நம்புறதுன்னு தெரியல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்தது. ஆனால் கோபம் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தாவும் ஒரு ஆட்டம் பார்த்தவர். 1952 பிப்ரவரி, சேப்பாக்கம். டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருடம் கழித்து இந்தியா முதல்முறையாக ஜெயித்த ஆட்டம். இங்கிலாந்துக்கு எதிராக வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு எட்டு விக்கெட், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு விக்கெட்டையும் தாத்தா கையைச் சுழற்றிக் காட்டுவார். திண்ணையில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. என் கிரிக்கெட் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது. அவர் டிக்கெட் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு மூக்குக் கண்ணாடியும் ரேஷன் கார்டும்தான்.

இந்தியாவில் அப்போது காலை. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, தாத்தா சேப்பாக்கத்துல மேட்ச் பார்த்தாருல்ல, அம்பத்திரண்டுல. யார்கூடப் போனாரு?"

"அம்பத்திரண்டுலயா? அப்போ அவரு விருதுநகர்ல கடையில கணக்கு எழுதிட்டு இருந்தாருடா. மெட்ராஸையே அவரு என் அக்கா பொறந்ததுக்கு அப்புறம்தான் பார்த்தாரு."

"அப்போ அந்த மன்கட் கதையெல்லாம்?"

"பேப்பர்ல படிச்சிருப்பாரு. இல்ல, ரேடியோவுல கேட்டிருப்பாரு." குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சொன்னார்: "நீ வேற கண்ணை இமைக்காம கேட்டுக்கிட்டு இருப்பே. அவரு என்னதான் செய்வாரு?"